தோற்ற மாணவர் காத்த விண்வெளி நிலையம்

தேர்வில் தோற்றால் வாழ்வே முடிந்தது என்று கலங்குவோர் நம்மிடையே உண்டு. அத்தகையோர் அமெரிக்க விண்வெளி வீரர் பீட் கான்ராடின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இவர் 1930ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் பிலடெல்பியாவில் பிறந்தார். செல்வமாயிருந்த குடும்பம் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்துப் போயிற்று. கூரிய அறிவு இருந்தும் எழுத்துகள் இவருக்கு வசப்படவில்லை. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாட்டை அந்நாளில் பலர் அறிந்திருக்கவில்லை. பதினோராம் வகுப்பில் தோற்றதும் பள்ளி இவரை வெளியேற்றியது. தாய் பிரான்சஸ் மனம் தளரவில்லை. டாரோ என்னும் வேறொரு பள்ளியைத் தேடிச் சேர்த்தார். கான்ராட் அதே வகுப்பை மீண்டும் படித்துத் தேறினார். கடற்படையின் உதவித்தொகை பெற்று, 1953இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டதாரியானார். பின்னர் விமானியாகி, 1969இல் நிலவில் நடந்த மூன்றாவது மனிதரானார்.

அதனினும் பெரிய சோதனை பின்னால் வந்தது. 1973 மே 14 அன்று ஸ்கைலாப் என்னும் விண்வெளி நிலையம் ஆளின்றி ஏவப்பட்டது. சுமார் ஒரு நிமிடத்தில் அதன் காப்புக் கவசம் பிய்ந்தது. சூரிய ஒளியால் மின்சாரம் தரும் இரு இறக்கைகளுள் ஒன்று பறிபோயிற்று. மற்றது அலுமினியப் பட்டையில் சிக்கி விரியாமல் நின்றது. உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. உணவும், மருந்தும், படச்சுருளும் கெடும் நிலை!

மறுநாள் புறப்படவிருந்த கான்ராட், கெர்வின், வெய்ட்ஸ் மூவரின் பயணம் பத்து நாள் தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பத்து நாள்களில் பொறியாளர்கள் இரவு பகலாக உழைத்தனர். மடித்து எடுத்துச் செல்லும் குடை ஒன்றைச் செய்தனர். பட்டையை வெட்டும் கருவிகளைத் தேர்ந்தனர். வீரர்கள் நீர்த்தொட்டியில் மூழ்கிப் பழகினர். புதிய மருந்தும் படச்சுருளும் சிறிய கலத்தில் இடம்பெற்றன. முதலில் நிழல், பிறகு மின்சாரம் என்று வேலைகள் வரிசைப்படுத்தப்பட்டன.

மே 25இல் புறப்பட்டனர். நிலையத்துடன் கலத்தை இணைக்கும் முயற்சி பலமுறை தோற்று, இறுதியில் வென்றது. சிறு துவாரத்தின் வழியே குடையை வெளியே நீட்டி விரித்ததும் நிலையம் மெல்லக் குளிர்ந்தது. ஜூன் 7இல் கான்ராடும் கெர்வினும் வெளியே சென்று, நீண்ட கழியின் முனையிலிருந்த வெட்டுக்கருவியால் பட்டையை அறுத்தனர். இறக்கை விரிந்தது, மின்சாரம் பாய்ந்தது. 28 நாள்கள் விண்ணில் பணிபுரிந்து மூவரும் நலமாகத் திரும்பினர். அவர்களுக்குப் பின் மேலும் இரு குழுக்கள் அங்கே தங்க முடிந்தது.

நிலவில் நடந்ததைவிட இப்பணியையே கான்ராட் பெருமையாகக் கருதினார். 1999 ஜூலை 8 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் காலமானார்.

தோழியரே, பள்ளி கைவிட்ட சிறுவன் பழுதான நிலையத்தைக் கைவிடவில்லை. தாயின் நம்பிக்கையும் தளராத பயிற்சியும் அவரை உயர்த்தின. நம் அருகில் அமர்ந்து எழுத்துக் கூட்டித் திணறும் தோழியை இனி நகைக்காமல், கைகொடுத்து உதவுவோமாக!