அடிமைக் குடிலில் பிறந்த தலைமையாசிரியர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், புகையிலை பயிரிடப்பட்ட ஒரு பண்ணையில், 1856ஆம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாய் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி, அடிமை. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளையும் அடிமையே என்பது அந்நாளையச் சட்டம். 1861ஆம் ஆண்டு பண்ணை முதலாளி இறந்தபோது அவருடைய உடைமைகளுக்குப் பட்டியல் எழுதினார்கள். அதில் இச்சிறுவனின் பெயரும் இடம்பெற்றது. எதிரே குறிக்கப்பட்ட விலை 400 டாலர்.

புக்கர் என்பது அவன் பெயர். முதலாளி வீட்டுப் பெண் பள்ளிக்குச் செல்லும்போது அவளுடைய புத்தகங்களைச் சுமந்து செல்வது அவன் வேலைகளுள் ஒன்று. வகுப்பறை வாசல்வரை போகலாம்; உள்ளே கால் வைக்கக் கூடாது. அடிமைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதை வர்ஜீனியாச் சட்டம் தடை செய்திருந்தது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது, அடிமைத்தளையும் அறுந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. விடுதலை கிடைத்ததே தவிர, வயிற்றுப்பாடு தீரவில்லை. உப்புக் காய்ச்சும் ஆலையில் சிறுவன் வேலைக்கு அனுப்பப்பட்டான். மாற்றாந் தந்தையின் உப்புப் பீப்பாய்களில் 18 என்ற எண் குறிக்கப்படும். புக்கர் முதன்முதலில் படிக்கக் கற்றது அந்த எண்ணைத்தான்.

ஊரில் பள்ளி திறந்த பிறகும் அவனுக்கு ஒரு தடை இருந்தது. காலை ஒன்பது மணிவரை ஆலையில் வேலை. பள்ளி தொடங்குவதும் ஒன்பது மணிக்கே. எனவே ஆலை அலுவலகக் கடிகாரத்தின் முள்ளை அரைமணி நேரம் முன்னே தள்ளிவைக்கத் தொடங்கினான்! நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அந்தக் கடிகாரத்தை நம்பியிருந்தார்கள். மேலாளர் ஐயுற்று அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பின்னரே இந்த வழக்கம் நின்றது. மாணவர்கள் இச்செயலைப் பின்பற்ற வேண்டாம். அதன் பின்னிருந்த தவிப்பை உணர்ந்தால் போதும். பள்ளியில் ஆசிரியர் பெயர் கேட்டபோது, மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, வாஷிங்டன் என்பதைத் தானே சேர்த்துக்கொண்டான். புக்கர் டி. வாஷிங்டன் என்று உலகம் பின்னர் அறிந்த பெயரின் பிறப்பு இதுவே.

1872இல், பதினாறு வயதில், ஹாம்ப்டன் என்ற ஊரிலிருந்த கல்வி நிலையத்தை நாடிப் புறப்பட்டார். ஏறத்தாழ 500 மைல் பயணம். வழியில் கைப்பணம் தீர்ந்தது. ரிச்மண்டு நகரில் பலகை நடைபாதையின் அடியில் படுத்துறங்கி, பகலில் கப்பலில் சரக்கு இறக்கிக் கூலி பெற்றார். புழுதி படிந்த உடையுடன் வந்து நின்றவரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை தயங்கினார். ஓர் அறையைப் பெருக்கச் சொன்னார். மும்முறை பெருக்கி, நான்கு முறை துடைத்தார் புக்கர். ஆசிரியை கைக்குட்டையால் பலகைகளைத் தேய்த்துப் பார்த்தும் தூசு ஒட்டவில்லை. அதுவே அவருடைய நுழைவுத் தேர்வாயிற்று.

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி ஊரில், கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றை நடத்த 1881இல் ஆள் தேடினார்கள். வெள்ளையர் ஒருவரையே அவர்கள் எதிர்பார்த்தனர். ஹாம்ப்டன் தலைவர் ஆம்ஸ்டிராங்கோ 25 வயதே ஆன தம் பழைய மாணவரைப் பரிந்துரைத்தார். வந்து பார்த்தால் நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆசிரியர் ஊதியத்துக்கு அரசு ஒதுக்கிய ஆண்டுக்கு 2,000 டாலர் மட்டுமே இருந்தது. 1881 ஜூலை 4ஆம் நாள், தேவாலயத்தை அடுத்த ஒரு பாழடைந்த குடிசையில் 30 மாணவர்களுடன் பள்ளி தொடங்கிற்று. மழை பெய்தால் ஒரு மாணவர் குடை பிடிக்க, அதன் கீழ் நின்று தலைமையாசிரியர் பாடம் கேட்பார்.

பின்னர்க் கடன் வாங்கி 100 ஏக்கர் பழைய தோட்டமொன்றை வாங்கினார்கள். குதிரைக் கொட்டிலும் கோழிக் கூடும் வகுப்பறைகளாயின. அடிமையாய் வாழ்ந்து எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, கந்தல் உடையில் கோலூன்றி வந்து, தாம் சேர்த்து வைத்த ஆறு முட்டைகளைப் பள்ளிக்குக் கொடுத்துச் சென்றாராம். பெரிய செல்வர்கள் தந்த கொடைகளைவிட அது தம் நெஞ்சை உருக்கியதாக வாஷிங்டன் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். மாணவர்களே சுடுவதென முடிவாயிற்று. முழங்கால்வரை சேற்றில் நின்று மண் பிசைவதை வெறுத்துச் சிலர் பள்ளியை விட்டே போய்விட்டனர். முதல் சூளை கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது, வேலை முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் காசில்லை. தலைமையாசிரியர் மாண்ட்கமரி நகருக்குப் போய்த் தம் கைக்கடிகாரமன்று, சட்டைப்பைக் கடிகாரம் ஒன்றை 15 டாலருக்கு அடகு வைத்தார். நான்காவது சூளை வென்றது! கடிகாரம் மட்டும் மீட்கப்படவேயில்லை. அக்கம்பக்கத்து வெள்ளையரும் நல்ல செங்கல் தேடி அப்பள்ளிக்கு வரலாயினர்.

கட்டணம் செலுத்த இயலாத ஏழைகளுக்காக 1884இல் இரவுப் பள்ளி திறந்தார். பகலில் பத்து மணி நேரம் உழைப்பு, இரவில் இரண்டு மணி நேரம் படிப்பு. பகல் உழைப்பின் ஊதியம் பள்ளிக் கணக்கில் சேர்ந்து, பின்னாளில் பகற்பள்ளிச் செலவுக்கு உதவிற்று. ஹாம்ப்டனில் ஆசிரியர் பெரும்பாலோர் வெள்ளையர். டஸ்கீகியிலோ தலைமையாசிரியர் முதற்கொண்டு கற்பிப்போர் கறுப்பினத்தவரே.

அவரை எல்லாரும் போற்றினர் என்று எழுதினால் அது பொய்யாகும். 1895இல் அட்லாண்டா நகரில் ஆற்றிய உரையில், தம் மக்கள் முதலில் தொழிலிலும் பொருளிலும் உயரட்டும். சம உரிமைக்காக அவசரப்பட வேண்டாம் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். தூ பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903இல் இதனைக் கடுமையாக மறுத்தார். வாக்குரிமையும் உயர்கல்வியும் இல்லாத இனம் கைத்தொழிலால் மட்டும் நிமிர முடியாது என்பது அவர் வாதம். தூ பாய்ஸ் கூறியதில் நியாயம் மிகுதி என்றே நமக்குத் தோன்றுகிறது. உழைப்பாளியின் பிள்ளைக்குக் கைத்தொழிலே போதும் என்று கருதியவர்களுக்கு அட்லாண்டா உரை வசதியாகிப் போயிற்று. அதே ஆண்டுகளில்தான் தென் மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை ஒவ்வொன்றாகப் பறித்தன. ஆயினும் அப்பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு வாஷிங்டன் மறைவாகப் பணம் தந்து வந்தார். அது வெளியானது அவர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரே.

சிற்றூர்ப் பள்ளிகளையும் அவர் மறக்கவில்லை. ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வணிகரின் கொடையைக்கொண்டு டஸ்கீகியைச் சுற்றி முதலில் ஆறு சிறு பள்ளிகள் எழுந்தன. வணிகர் ஒரு பங்கு தருவார். எஞ்சியதை அரசும் ஊராரும் தர வேண்டும். பணமில்லாதவர் மரம் தந்தனர், நிலம் தந்தனர், கூலியின்றி உழைத்தனர். நம் பெற்றோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் இவ்வாறு எழுந்தன.

அவற்றைக் காண வாஷிங்டன் உயிரோடு இல்லை. 1915 நவம்பர் 14ஆம் நாள் டஸ்கீகியில் காலமானார். குடிசையில் 30 பேருடன் தொடங்கிய பள்ளியில் அப்போது ஏறத்தாழ 1,500 மாணவர்களும் 100க்கு மேற்பட்ட கட்டடங்களும் இருந்தன. அவரைப் பள்ளி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையின் செங்கற்கள் மாணவர்கள் செய்தவை.