பேனாக்கத்தியில் பேர் இல்லாத மனுஷன்

உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பேனாக்கத்தி ஏதாவது கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க!

போன லீவுல அரியலூர்ல தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணும்போது எனக்கு ஒண்ணு கிடைச்சது. பிளேடு பிடிக்குள்ள மடங்குற இடத்துல லென்ஸ் வச்சுப் பார்த்தேன். ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு. பக்கத்துல ஒரு நட்சத்திரம், ஒரு மால்டா சிலுவை, கூடவே வி.ஆர். என்ற எழுத்து. வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901-க்கு முன்னாடி. ஈ.ஆர். என்றால் 1901-லிருந்து 1910 வரை. ஜி.ஆர். அதுக்கும் பிறகு. அந்தப் பழைய ஃபேக்டரி இப்போ இல்லை. இந்த முத்திரைக்குப் போலிகளும் ஏகப்பட்டது உண்டு.

பெரம்பலூர் ஹாஸ்டலுக்குத் திரும்பி விலை தேட ஆரம்பிச்சேன் (கத்தியை எடுத்துட்டு வரலை, போட்டோ மட்டும்தான், வார்டன் பயம்!). தேடப்போன இடத்தில் ஒரு மனுஷன் மாட்டினார். அவர் பேர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. சேலம் பக்கத்துல நம்ம ஆளுங்க சின்ன மண் உலையில இரும்பு உருக்குறதைப் பார்த்து அசந்துபோனார். நல்ல சம்பளமுள்ள வேலையை விட்டுட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை ஆரம்பிச்சார். அரியலூர்ல இருந்து ஜெயங்கொண்டம், சிதம்பரம் வழியா போனா அந்த ஊர் வந்துடும். தாது சேலம் பக்கத்துல இருந்து வரணும், உலைக்கு விறகுக்கரி வேணும். ரெண்டுமே செலவு. கடன் ஏறிக்கிட்டே போச்சு.

அப்புறம் இங்கிலாந்து போய் 1839-ல் ஒரு பேட்டன்ட் வாங்கினார். எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீஸ் கார்பைடு சேர்க்கணும், அவ்வளவுதான். மாங்கனீஸ் ஆக்ஸிஜனையும் கந்தகத்தையும் பிடிச்சுக்கும். அதனால எஃகு அடிக்கும்போது உடையாது. விலை அதிகமான ஸ்வீடன் இரும்புக்குப் பதில் மலிவான உள்ளூர் இரும்பே போதும்னு ஆச்சு.

இங்கேதான் சறுக்கினார். கார்பைடைத் தனியா தயாரிக்காம, மாங்கனீஸ் ஆக்ஸைடையும் கரிப்பொருளையும் நேரா மூசையில போட்டாலே அதே பலன்னு பின்னாடி தெரிஞ்சது. பேட்டன்ட்ல அந்த வழி எழுதப்படலை. ஷெஃபீல்டுல அவரோட ஏஜென்டா இருந்த அன்வின் உட்பட பலரும் அதைப் பிடிச்சுக்கிட்டு ராயல்டி தராம எஃகு செஞ்சாங்க. ஹீத் வருஷக்கணக்கா கேஸ் நடத்தினார். 1851-ல் இறந்துட்டார். 1855-ல் பிரபுக்கள் சபை கொடுத்த கடைசித் தீர்ப்பும் அவருக்கு எதிராத்தான் வந்தது. பரங்கிப்பேட்டை உலையும் 1860-களில் அணைஞ்சுபோச்சு.

சரி, கத்திக்கு வருவோம். பழசு வாங்குறவங்க என்ன பார்ப்பாங்க? தீட்டித் தீட்டிப் பிளேடு தேஞ்சிருக்கா, மடக்கும்போது டக்குன்னு சத்தம் வருதா, பிடி பழைய கொம்புப்பிடிதானா, முத்திரை தெளிவா இருக்கா. தயவுசெஞ்சு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க, மதிப்பு போயிடும்.

ஆனா விலை எல்லாம் முத்திரையில இருக்குற பேருக்குத்தான். ஹீத் பேர் எந்தப் பிளேடுலயும் இல்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குப் பேட்டன்ட் போடப்போற மக்களே, ஐடியா மட்டும் பத்தாது. அதை வேற எப்படியெல்லாம் செய்யலாம்னு யோசிச்சு அதையும் சேர்த்து எழுதுங்க.

என் கத்தியை நான் விக்கப்போறதில்லை. அடுத்த லீவுல பரங்கிப்பேட்டை போறேன். யாராவது வர்றீங்களா?