ஆக்னஸ் போக்கல்ஸ் அம்மையார்

எண்ணெய்ப் பசையுள்ள பாத்திரத்தை அலசும்போது நீரின்மேல் மெல்லிய ஏடு படர்வதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு நீரைக் கொட்டிவிடுகிறோம். கொட்டிவிடாமல், ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதனையே ஆராய்ந்த பெண்மணியின் வரலாறு இது.

ஆக்னஸ் போக்கல்ஸ் 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த வெனிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் ஆஸ்திரியப் படையில் பணியாற்றியவர். மலேரியாக் காய்ச்சலால் அவர் நலிவுறவே, 1871இல் குடும்பம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் ஆக்னசுக்குப் பௌதிகத்தின்மீது தணியாத ஆர்வம் பிறந்தது. ஆனால் அந்நாளில் அங்கே பல்கலைக்கழகம் பெண்களை மாணவியராக ஏற்பதில்லை. சமையலும், நோயுற்ற பெற்றோரைப் பேணுதலும் அவர் கடமையாயின. பௌதிகம் பயிலச் சென்ற தம்பி பிரீட்ரிக் தந்த நூல்களே அவருக்கு ஆசான்கள்.

சமையலறையிலேயே ஆய்வு தொடங்கியது. 70 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தகரத் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பினார். குறுக்கே ஒரு தகரப்பட்டை. அதனை நகர்த்தினால் எண்ணெய் ஏடு சுருங்கும், விரியும். பொத்தான் அளவுத் தட்டு ஒன்றை நீர்ப்பரப்பில் ஒட்டவிட்டு, அதனைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் எனத் தராசில் அளந்தார். ஏடு பரந்திருக்கும் வரை நீர்ப்பரப்பின் இழுவிசை அநேகமாக மாறவில்லை. ஓர் எல்லைக்குமேல் நெருக்கியதும் சட்டெனக் குறைந்தது!

காரணம் பின்னாளில் தெளிவாயிற்று. கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை விலக்கும். நெருக்கும்போது அவை, சபைகூடலில் நாம் தோளோடு தோள் நிற்பதுபோல், நீரின்மேல் ஒரே அடுக்காய் அணிவகுத்து நிற்கின்றன. அந்த எல்லைதான் அம்மையார் கண்டது.

1891 ஜனவரியில், இதே துறையில் ஆய்ந்துவந்த இங்கிலாந்தின் ரேலி பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதினார். பட்டம் பெறாத, முன்பின் அறியாத பெண்ணின் கடிதம், ஒதுக்கியிருந்தால் கேட்பாரில்லை. பிரபுவோ, தம் துணைவியார் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்ததை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி, மார்ச்சில் வெளிவரச் செய்தார். பெருந்தன்மை என்றே சொல்வோம்.

அமெரிக்கரான லாங்மியூர் அத்தொட்டியின் வழியைச் செம்மைப்படுத்தி மேற்பரப்பு வேதியியலை வளர்த்து, 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு, 70 வயதில், பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அம்மையாருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1935 நவம்பர் 21ஆம் நாள் அந்நகரிலேயே அவர் மறைந்தார்.