ஒரே கேபிளில் 30 பேர் பேசுவது எப்படி? அலெக் ரீவ்ஸ் என்பவரின் கதை

உத்திரமேரூர் கல்வெட்டு என்றதும் குடவோலைதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். நம்ம ஆபீஸ் போர்டு நம்பருக்கு வரும் பிஆர்ஐ லைனிலும் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். எண்ணிக்கை ஒத்துப்போவது தற்செயல். ஆனால் எது யாருடையது என்று குழம்பாமல் பிரிக்கும் வேலை இரண்டு இடத்திலும் உண்டு.

இந்த லைனுக்கு விதை போட்டவர் அலெக் ரீவ்ஸ். 1902-ல் இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் பிறந்தவர். ஐடிடி நிறுவனத்துக்காக பாரீஸில் வேலை பார்த்தார். அன்றைக்கு தொலைதூர போனில் பெரிய தலைவலி இரைச்சல். வழியில் குரல் தேயும். ஆம்ப்ளிஃபையர் வைத்தால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். ரீவ்ஸ் யோசித்தது வேறு மாதிரி. குரலை அப்படியே அனுப்பாமல், நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அந்த அளவை எண்ணாக்கி, துடிப்பு உண்டு அல்லது இல்லை என்று அனுப்பினால் என்ன? உண்டா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும், வழியிலேயே புதுத் துடிப்பாக மாற்றி அனுப்பிவிடலாம். இரைச்சல் அங்கேயே கழிந்துவிடும். இதுதான் பிசிஎம். 1938-ல் பிரான்ஸில் பேடன்டுக்கு விண்ணப்பித்தார்.

சிக்கல் என்னவென்றால், அப்போது இருந்தது வால்வுகள் மட்டும்தான். இதைச் செய்து பார்க்க கட்டுப்படியாகாது. 1940-ல் ஜெர்மன் படை வந்ததும் பிரான்ஸை விட்டுக் கிளம்பினார். போரில் விமானங்களுக்கு வழிகாட்டும் ஓபோ கருவியை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு. அமெரிக்க பேடன்ட் 1942-ல் கிடைத்தது, ஆயுள் 17 வருஷம். 1959-ல் அது முடிந்தது. டிரான்சிஸ்டர் புண்ணியத்தில் பெல் நிறுவனம் டி1 லைனை இயக்கியதோ 1962-ல். மூன்றே வருஷம்!

சரி, 30 பேரின் குரல் கலக்காமல் எப்படிப் போகிறது? இந்தியாவில் பயன்படும் இ1 லைனில் நொடிக்கு 8,000 சுற்று. சுற்றுக்கு 32 இடம், இடத்துக்கு 8 பிட். பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை; வரிசையில் எத்தனையாவது என்பதே அடையாளம். பூஜ்ஜியமாவது இடம் சுற்றின் தொடக்கத்தைக் காட்ட. 16-வது இடம் சிக்னலுக்கு: யார் போனை எடுத்தார், யார் வைத்தார், எந்த நம்பர் என்ற தகவலுக்கு.

30 பேருக்கு ஒரே சிக்னல் இடம் எப்படிப் போதும்? பழைய முறையில் அந்த 8 பிட்டை இரண்டாகப் பிரித்து, சுற்றுக்கு இரண்டு பேர் வீதம் முறை வைத்தார்கள். 15 சுற்றில் 30 பேரும் முடிந்துவிடும். கூட ஒரு சுற்று, வரிசையின் தொடக்கத்தைக் காட்ட. ஆக 16 சுற்று, 2 மில்லிசெகண்ட். அமெரிக்க டி1-ல் தனி இடமே ஒதுக்கவில்லை, குரலின் பிட்டிலிருந்தே ஒன்றைத் திருடிக்கொண்டார்கள். அதன் பெயரே ராப்டு பிட்!

பிஆர்ஐ இதில் கெட்டிக்காரத்தனமானது. 16-வது இடத்தில் முறை எதுவும் கிடையாது. யாருக்குத் தேவையோ அவருக்கான செய்தி, எந்த சேனல் என்ற குறிப்போடு போகும். உத்திரமேரூரில் ஒவ்வொரு குடும்பின் ஓலைக்கட்டுக்கும் பெயர் தாங்கிய வாயோலை கட்டினார்களே, கிட்டத்தட்ட அதுதான். நம்ம ஊர் கிராமங்களுக்கு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தது சி-டாட் புண்ணியத்தில். 1984-ல் தொடங்கிய அந்த அமைப்பின் 128 லைன் பெட்டி 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் ஓடியது.

ரீவ்ஸ் அதைப் பார்க்க இல்லை. 1960-களில் ஹார்லோ ஆய்வகத்தில் ஒளிவழி தகவல்தொடர்புக்கு ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். 1971 அக்டோபர் 13-ல் காலமானார். அதே ஆய்வகத்தில் ஃபைபர் ஆய்வு செய்த சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.