முதியோரைத் தேடிச் சென்ற மருத்துவர்

கண்புரையால் ஒளி இழந்த முதியவர் வீட்டின் மூலையில் அமர்ந்து, பிறர் கையை எதிர்நோக்கியே எஞ்சிய நாளைக் கழிப்பது விதி என்று நம் நாட்டில் நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்விதியை மாற்றப் பாடுபட்ட பெருந்தகை மருத்துவர் கோ. வெங்கடசாமி ஆவார்.

அவர் 1918 அக்டோபர் 1ஆம் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடியில் பிறந்தார். உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றை ஒட்டி இறந்தமை கண்டு, மகப்பேறு மருத்துவராக விழைந்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். அங்கே கொடிய முடக்குவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது, விரல்கள் கோணின. விரும்பிய துறை கைகூடாதாயிற்று. எனினும் மனந்தளராது கண் மருத்துவம் பயின்றார். கோணிய விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கப் பழகினார். அவ்விரல்களே பின்னர் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவை நடத்தியபோது, மருத்துவமனையை நாடி வருவோரினும் வர இயலாதோரே மிகுதி என்பதை உணர்ந்தார். ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்கள் நடத்தினார். 1976இல், 58ஆம் வயதில் ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோர் துணையுடன் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுடையோர் தரும் கட்டணத்தால் ஏழையர்க்கும் இலவச மருத்துவம் நடந்தது.

இலவசம் என்ற சொல் மட்டும் முதியவரை அழைத்து வந்துவிடாது. பேருந்துக்குப் பணம் வேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். அறுவை என்றதும் அச்சம் வேறு. ஆகவே முகாமில் கண்டறிந்த புரை நோயாளிகளை மருத்துவமனையே வண்டியில் அழைத்துச் சென்று, உணவும் இடமும் அளித்து, அறுவை முடித்து, ஊரில் கொண்டு சேர்த்தது. 1992இல் தொடங்கப்பெற்ற ஆரோலேப் நிறுவனம் கண்ணுள் பொருத்தும் வில்லைகளை இங்கேயே செய்து, அவற்றின் விலையைப் பெரிதும் குறைத்தது. கட்டடத்தின் பெருமையைவிட, சிற்றூர் முதியவரின் திண்ணைவரை நீண்ட கையே அம்மருத்துவமனையின் சிறப்பு எனலாம். 2006 சூலை 7ஆம் நாள் அப்பெரியார் மறைந்தார்.

அவர் வாழ்வு நமக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலைச் சிற்றூர்களின் இளைஞர் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். முதியோர் ஊரிலேயே தங்கிவிடுகின்றனர். பெங்களூரில் பெரு மருத்துவமனைகள் பல உண்டு. ஆயினும் துணையற்ற மூதாட்டிக்கு அவை வானத்து நிலவே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் நம் மாணவர்கள் அவ்வூர்களுக்குச் சென்று, முகாமுக்கு வர அஞ்சுவோர்க்கு அவரவர் மொழியில் ஆறுதல் கூறி அழைத்து வரலாம். ஜமாஅத்தார் வண்டிக்கும் உணவுக்கும் பொறுப்பேற்கலாம். முதியோரைப் பேணுதல் மார்க்கம் நமக்கு விதித்த கடமையன்றோ! ஒரு முதியவர் மீண்டும் தம் பேரப்பிள்ளையின் முகம் காண்பாராயின், அதுவே அம்மருத்துவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.