மருந்தும் மயிலும்

அமெரிக்கச் சிறுகதையாசிரியர் பிளானரி ஓ'கானர் 1925 மார்ச் 25ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தின் ஒரே மகள். தந்தை எட்வர்டு 1941இல் லூபஸ் நோயால் மறைந்தபோது அவருக்கு வயது 15. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், பகையையும் உறவையும் பிரித்தறியாது சொந்த உறுப்புகளையே தாக்குவது அந்நோயின் இயல்பு. வேலியே பயிரை மேய்தல் என்பது இதுவே.

அயோவா பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை பயின்று 1947இல் முதுகலைப் பட்டம் பெற்ற அவர், வடமாநிலங்களிலேயே தங்கி எழுத விரும்பினார். 1950 டிசம்பரில் ஊர் திரும்பும் வழியில் ரயிலிலேயே கடும் நோய்வாய்ப்பட்டார். முதலில் மூட்டுவாதம் எனக் கருதப்பட்டது. பின்னர் அட்லாண்டா மருத்துவர் ஒருவர் லூபஸ் எனக் கண்டறிந்தார். தாயார் ரெஜினா அவ்வுண்மையை மகளிடமிருந்து மறைத்தார். 1952இல் தோழி சாலி பிட்ஸ்ஜெரால்டு கூறிய பின்னரே, தம்மைப் பற்றியிருப்பது தந்தையைக் கொண்டுசென்ற நோய் என்பதை அவர் அறிந்தார்.

தந்தைக்கு வாய்க்காத மருந்து மகளுக்கு வாய்த்தது. கார்ட்டிசோன் முதலிய ஹார்மோன் ஆய்வுகளுக்காக மூன்று அறிஞர்கள் நோபல் பரிசு பெற்றதும் அதே 1950இல்தான். பன்றியின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்ட ஏ.சி.டி.எச். என்னும் மருந்தைத் தாமே ஊசியாக ஏற்றிக்கொள்ள அவர் கற்றார். உயிர் நின்றது; ஆனால் முகம் முழுநிலவெனப் பருத்தது. 1955 முதல் இரு ஊன்றுகோல்களின்றி நடத்தல் இயலாதாயிற்று. இடுப்பெலும்பை நலிவிக்க அந்நோயாலும் இயலும், அவ்வகை மருந்தாலும் இயலும் என்பதை இன்றைய மருத்துவம் அறியும். மருந்தைக் கூட்டினால் உடல் விலை கொடுக்கும்; குறைத்தால் நோய் தலைதூக்கும். அவர் மருந்தை வெறுத்து ஒதுக்கவுமில்லை. அதன் கொடையை மிகைப்படுத்தவுமில்லை. தம் உருமாற்றத்தையே நகைச்சுவையாக்கி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்.

மில்லெட்ஜ்வில் ஊருக்கு அருகே, ஆண்டலூசியா என்னும் பண்ணையில் தாயாருடன் வாழ்ந்தார். வலிமை முழுவதையும் காலைப்பொழுதின் சில மணி நேர எழுத்துக்கே ஒதுக்கினார். எஞ்சிய பொழுது ஓய்வுக்கும் கடிதங்களுக்கும் அவர் வளர்த்த மயில்களுக்கும் உரியதாயிற்று. பழனி மலையடியில், முருகன் ஊர்தியை வயல்தோறும் காணும் நெய்க்காரப்பட்டி அன்பர்களுக்கு அந்த முற்றம் அயலாகத் தோன்றாது. 'வைஸ் பிளட்' 1952இலும், முதல் சிறுகதைத் தொகுதி 1955இலும், இரண்டாம் நாவல் 1960இலும் வெளிவந்தன.

1964இல் செய்யப்பட்ட ஓர் அறுவை சிகிச்சைக்குப்பின் அடங்கியிருந்த லூபஸ் மீண்டும் மூண்டது. மருத்துவமனைப் படுக்கையிலும் கதைகளைத் திருத்திக்கொண்டிருந்த அவர், ஆகஸ்டு 3ஆம் நாள், 39ஆம் வயதில், சிறுநீரகம் செயலிழந்து மறைந்தார். இறுதிக் கதைகள் 1965இல் நூலாயின. முழுத்தொகுப்பு 1972இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதினைப் பெற்றது.

நோய் கண்டபின் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள். மருந்து தந்த காலம் அது. அதனை இலக்கியமாக்கியது அவர்தம் காலைப்பொழுதுகள். நேரமில்லை என வருந்தும் நம்மனோர்க்கு, அளவறிந்து வாழ்ந்த அவ்வாழ்வு ஓர் ஆறுதலுமாகும்; ஒரு கேள்வியுமாகும்.