கழட்டிப் பார்த்த மனிதர்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

போன செமஸ்டர் லீவில் எனக்கு ஒரு வீம்பு வந்தது. எங்க பனியன் கம்பெனி ஷெட்டுல, வேஸ்ட் துணி மூட்டைக்குப் பின்னால, அப்புச்சியோட பழைய ராஜ்தூத் பைக் பல வருஷமா தூசி படிஞ்சு நின்னுச்சு. அப்பா அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடப் பார்த்தார். ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கி, இன்ஜினை மொத்தமாகக் கழட்டிப் போட்டேன். திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை! சாக்கு மேலே பிஸ்டனும் கார்புரேட்டரும் கிடக்க, முழிச்சுக்கிட்டு நின்ற என்னிடம் அப்புச்சி ஒரு கதை சொன்னார். கதாநாயகர் வேறு யாருமில்லை, நம் கொங்கு மண்ணின் விஞ்ஞானி ஜி.டி.நாயுடுதான்.

1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்திலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் துரைசாமி. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. படிப்பு பாதியிலேயே நின்றது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி ஓடுகிறது! அன்று பிடித்த ஆசை அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர்சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழட்டினார், மறுபடி பூட்டினார். அவருடைய பாலிடெக்னிக் அதுதான்!

பிறகு நம்ம திருப்பூருக்கே வந்து பருத்தி ஆலை நடத்தினார். முதல் உலகப்போர் காலத்தில் நல்ல லாபம். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டுத் திரும்பினார். வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். இவரோ ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்து காட்டினார். சவர ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவர் செய்தவை ஏராளம். 1952-ல் வெறும் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் உட்காரும் காரையும் உருவாக்கினார். அரசு உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோனது. நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

நம்மைப் போன்றவர்கள் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் அமையப் பெரும் காரணமாக இருந்தவர், பாதிப் படிப்பில் பள்ளியை விட்ட இந்த மனிதர்தான். கையில் கிரீஸ் படாமல் தொழிற்கல்வி இல்லை என்பது அவர் கட்சி. 1974 ஜனவரி 4-ல் மறைந்தார். 2025-ல் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

கதையை முடித்த அப்புச்சி, கழட்டத் தெரிஞ்சா போதாது, கழட்டின வரிசை தெரியணும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துட்டார். நான் நோட்டை எடுத்து ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து நம்பர் போட்டேன். அப்போதுதான் என் தப்பு புரிந்தது. பிஸ்டன் தலையிலிருக்கும் அம்புக்குறி புகைபோக்கிப் பக்கம் பார்க்க வேண்டும். நான் திருப்பிப் போட்டிருந்தேன்! அதைச் சரிசெய்து, பழைய பெட்ரோல் காய்ந்து அடைத்திருந்த ஜெட்டை ஊதி, பாயிண்ட்டை எமரி பேப்பரால் தேய்த்து, ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றினேன்.

ஏழாம் நாள் சாயங்காலம், எத்தனையோ உதைக்குப் பிறகு, ஷெட் முழுக்கப் புகையோடு வண்டி கிளம்பியது. நிட்டிங் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுவிட்டு அப்பா ஓடி வந்தார். ஒண்ணும் பேசவில்லை. பெட்ரோலுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

தம்பிகளே, தங்கைகளே! உங்க வீட்டு ஷெட்டிலும் ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருக்கும். கழட்டுங்க. ஆனா, முதல்ல நோட்டை எடுத்து வைங்க!